மூன்றாம் கட்டம்

வினிபெக், சார்ஜன்ட் தெரு, டோனட் கடை.
ஹீட்டருக்குப் பக்கத்து மேசை எங்களுடையது
மாதத்தின் முதல் வியாழனில் மட்டும்.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
உள்ளே நாலு பேர், நாலு சப்பாத்துப் பெட்டி,
பெட்டி நிறையப் பழைய பேப்பர் பகிடி.

வாசில் தபால்காரராக இருந்தவர்.
ஊராரின் பேப்பரையெல்லாம் பெட்டியில் போடமுன்
கடைசிப் பக்கத்தை வாசித்துவிடுவார்.
பாவமன்னிப்புக் கேட்கப் போனாராம்.
பாதிரியார் கேட்டாராம்,
"அந்த வாத்துக்குப் பிறகு என்ன நடந்தது?"

மார்ஜரிக்குப் பல் வைத்தியரிடம் வேலை.
காத்திருப்போர் அறையில்
எந்தப் பக்கம் கிழிந்திருந்தாலும்
அது அவள் கைப்பையில் இருக்கும்.
கொராசோன் நேர்ஸ். மணிலாவிலிருந்து அக்கா
கோப்பைகளைப் பேப்பரில் சுற்றி அனுப்புவாள்.
இவள் சுற்றி வந்ததுக்குத்தான் நன்றி சொல்லுவாள்.

நான் பஸ் ஓட்டுகிறவன். நவரத்தினராசா.
இங்கே 'நவ்', மிச்சத்தைக் குளிருக்குள் யாரும் சொல்வதில்லை.
என் பெட்டியில் அந்தரம்பிள்ளை:
ஒரு கோட்டு மூக்கு, ஒரு குடை.
குடை மழைக்கு விரியாது.
பஸ்ஸுக்குள் விரியும், பந்தியில் விரியும்,
ஒருமுறை சவப்பெட்டிக்குப் பக்கத்தில் விரிந்தது.

ஒருநாள் மொழிபெயர்த்துச் சொன்னேன்.
மனைவி: "குடை எங்கே? குடை எங்கே?"
அந்தரம்பிள்ளை: "ஏன், நீ குடைகிறது காணாதோ?"
மூன்று முகங்கள், மூன்று ஆறின கோப்பி.
குடை என்றால் இது, குடைவது என்றால் அது,
காதுக்குள் விரலை விட்டும் காட்டினேன்.
கால் மணித்தியாலம் கழித்து வாசில் சிரித்தார்.
பகிடிக்கு அல்ல,
என் விரலுக்கு.

வாசிலின் பொக்கிஷம் அந்த வாத்துத்தான்,
தெற்கே போக மறுக்கிற வாத்து.
முதற் கட்டத்தில் கூட்டம் பறந்து போகிறது.
இரண்டாவதில் முழங்கால் பனி,
கதவைத் திறக்கிறான் கமக்காரன்,
வாசலில் வாத்து, கையில் சூட்கேஸ்.
மூன்றாவது இல்லை.
பின்பக்கத்துச் சவர்க்காரக் கூப்பனுக்காக
எவரோ வெட்டிவிட்டார்கள். லாபம் பன்னிரண்டு சதம்.

ஆறு வருடமாய் அந்தச் சதுரத்தை நிரப்புகிறோம்.
சூட்கேஸுக்குள் இன்னொரு சின்ன சூட்கேஸ், இது வாசில்.
கமக்காரன் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு
தெற்கே போகிறான், வாத்து கதவைப் பூட்டுகிறது,
இது கொராசோன்.
மார்ஜரி சொல்லமாட்டாள். தனக்குள்ளேயே சிரிப்பாள்.
வாத்து 'குடை எங்கே' என்று கேட்கட்டும் என்றேன்.
ஒரு வாக்கும் விழவில்லை.

போன மார்கழி, நூலகத்து மைக்ரோபிலிமில்
மார்ஜரியின் மருமகள் உண்மையானதைக் கண்டுபிடித்தாள்.
கமக்காரனும் வாத்தும் குறட்டை விடுகிறார்கள்.
அவ்வளவுதான்.
டோனட்டைக் கடித்த வாய் அப்படியே நின்றது.
"கீறின மனுசனுக்கு அன்றைக்குக் காய்ச்சலாக்கும்"
என்றார் வாசில்.
கை உயர்த்தி வாக்கெடுத்தோம்.
நாலுக்குப் பூச்சியம். உண்மை தோற்றது.
சதுரம் மறுபடி வெறுமை.

இந்தத் தை மாத வியாழன் கொராசோன் இல்லை.
அன்றிரவு மணிலாவுக்கு விமானம்.
பெட்டிகள் மூன்றுதான் மேசையில்,
பகிடியும் கொஞ்சம் மெலிவு.
எட்டரைக்குக் கதவை யாரோ தட்ட
வாசில் எழும்பிப் போய்த் திறந்தார்.

முழங்கால் பனி.
விமானநிலையத்தை மூடிவிட்டார்களாம்.
வாசலில் கொராசோன்,
கையில் சூட்கேஸ்.

யாரும் மூச்சு விடவில்லை.
வாசிலைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள்,
தன் சூட்கேஸைப் பார்த்தாள்.
மெல்ல விளங்கிக்கொண்டு
தனக்குத் தெரிந்த ஒரேயொரு தமிழை எடுத்து
என்னைப் பார்த்துக் கேட்டாள்:
"குடை எங்கே?"

மார்ஜரிக்குக் கண்ணீர். நான் மேசையின் கீழே.
வாசில் திறந்த கதவைப் பிடித்தபடி
குலுங்கிக் குலுங்கி நின்றார்,
மைனஸ் முப்பத்தொன்று முழுவதும் உள்ளே வந்து
"சாத்துங்கோ ஐயா!" என்று
கடைக்காரர் தன் பாஷையில் கத்தும்வரை.